கத்தி தாடையில் இருக்கையில் சொன்ன ஆமா

தெருவில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கோர்ட்டிலிருந்து வந்த சம்மனில் அந்தப் பெயரைப் பார்த்தபோது, யார் வீட்டுக்கோ வரவேண்டியது தவறி இங்கே வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பின்பக்கம் ஒரு கதவு. அதைத் திறந்தால் வீடு. வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறோம். ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். கடைக் குழாயைத் திறந்தால் அடுப்படிக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். உடனே அவர் மனைவி உள்ளேயிருந்து சுவரைத் தட்டுவாள். இவர் குழாயை மூடிவிட்டு, சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவரிடம் "ஒரு நிமிஷம்" என்பார்.

நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன சொன்னாலும் அவர் பதில் "ஆமா"தான். ஆட்சி மோசம் என்றால் ஆமா. அவர் எழுந்து போனதும் அடுத்து உட்காருகிறவர், இந்த மாதிரி ஓர் ஆட்சிக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றால் அதற்கும் ஆமா. பெஞ்சில் இருப்பவர்கள் இரண்டையும் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்கு அதில் வெட்கமில்லை. சொந்தமாக ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்ள அவருக்கு நேரமே கிடைத்ததில்லை என்பதுதான் உண்மை.

அந்த ஆமாதான் அவர் கழுத்தைப் பிடித்தது.

கட்டட ஓனரும் அவர் வாடிக்கைக்காரர்தான். ஒவ்வொரு ஞாயிறும் சவரத்துக்கு வருவார், கண்ணை மூடிக்கொள்வார், பேசிக்கொண்டே இருப்பார். ஒரு ஞாயிறு, கத்தி தாடைக்கு அடியில் இருக்கும்போது சொன்னார்: "வருஷக் கடைசியில கடையையும் பின்னாடி வீட்டையும் விட்டுருங்க. மருந்துக் கடைக்குக் கேக்கறாங்க. சரிதானே?"

"ஆமாங்க," என்றார் ஆமாஞ்சாமி.

இடம் கேட்ட மருந்துக் கடைக்காரர் அப்போது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், சாட்சிக்கென்றே வந்தவர் போல. ஓனர் எழுந்து கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார். எதற்கு ஆமா போட்டோம் என்பது ஆமாஞ்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அடுத்த ஆள் உட்கார்ந்துவிட்டார். பிரஷ்ஷைக் கழுவினார், நுரை போட்டார், அவர் சொன்னதற்கும் ஆமா போட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் அது நடக்காமலே போய்விடும் என்று நம்புகிற ரகம் அவர். வருஷம் முடிந்தது, அவர் காலி செய்யவில்லை, ஓனர் வழக்குப் போட்டார். தானே ஒத்துக்கொண்டுவிட்டு இப்போது மறுக்கிறார் என்பது வழக்கு. தோற்றால் கடையும் போகும், வீடும் போகும்.

வக்கீல் வைக்க வழியில்லை. வாடிக்கைக்காரர் ஒருவர்தான் சொன்னார், பொது நூலகத்து மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் இலவச வகுப்பு நடக்கிறது, வக்கீல் இல்லாமல் தாங்களே கோர்ட்டில் பேசிக்கொள்கிறவர்களுக்கு என்று.

"ஆமாங்க," என்றார் ஆமாஞ்சாமி, கத்தரியை நிறுத்தாமல்.

கதவுக்குப் பின்னால் இருந்து மனைவியின் குரல் வந்தது. "ஆமா இல்ல. சனிக்கிழமை போறீங்க."

வகுப்பு நடத்தியது ஒரு வக்கீலம்மா. கறுப்புக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் பேசுவார். முதல் நாளே எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இங்க நான் சட்டம் சொல்லித் தருவேன். கோர்ட்டுல எப்படி நிக்கணும், எப்ப பேசணும், எதிர்த்தரப்பு கேள்வி கேட்டா எப்படிப் பதில் சொல்லணும், எல்லாம் சொல்லித் தருவேன். ஆனா உங்க கேஸ்ல நீங்க என்ன சொல்லணும்னு மட்டும் சொல்ல மாட்டேன். அது ஆலோசனை. இது வகுப்பு."

ஆமாஞ்சாமி தலையாட்டினார். பிறகு, எல்லோரும் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்து கேட்டார். "அம்மா, நான் ஆமான்னு சொன்னது நெஜம். அதைக் கோர்ட்டுல சொல்லணுமா, வேண்டாமா?"

வக்கீலம்மா கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது முகத்திலேயே தெரிந்தது. "சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னா குத்தம். இது எல்லாருக்கும் பொதுவானது, அதனால சொல்றேன். மத்தது உங்க கையில."

உங்க கையில என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். வகுப்பில் அவரோடு படித்த லாரிக்காரர், தன் விபத்து வழக்கைத் தானே நடத்துகிறவர், கீழே வாசலில் நின்று வேறு பாடம் எடுத்தார். "ஞாபகமில்லைன்னு சொல்லிட்டுப் போங்க அண்ணே. ஞாபகத்துக்குள்ள புகுந்து பாக்க முடியுமா?" ஆமாஞ்சாமி அதற்கும் ஆமா என்றார். வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தார். பொய் சொன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருந்துக் கடைக்காரர் வந்து உடைப்பார். நிஜம் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். உள்ளே மாட்டிக்கொண்ட எலிக்காவது கத்தத் தெரியும்.

அடுத்த வகுப்பில் நாற்காலிகளைக் கோர்ட்டு மாதிரிப் போட்டு ஒத்திகை. லாரிக்காரர் எதிர்த்தரப்பு வக்கீலாக நடித்தார், கொஞ்சம் அதிகமாகவே.

"நீங்க கடை வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க."

"காலி பண்றேன்னு சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"நேத்து பெய்ஞ்ச மழைக்கும் நீங்கதான் காரணமா?"

"ஆமாங்க."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆமாஞ்சாமியும் சிரித்தார். சிரிக்காதவர் வக்கீலம்மா மட்டும்தான். அவர் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார்: "நீங்க கேள்வியைக் காதுல வாங்கறதே இல்ல. குரல் நின்னதும் ஆமா போடறீங்க. இனிமே பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை எச்சில் முழுங்குங்க. அதுக்குள்ள கேள்வி என்னன்னு உங்களுக்குப் புரிஞ்சிரும்."

கடையில் பழகிப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் படிப்பே ஏறுவதில்லை என்றார். ஆமாஞ்சாமி எச்சில் முழுங்கினார். வாத்தியார் சொன்னது என்னவென்று புரிந்தது. "அப்படிச் சொல்ல முடியாதுங்க," என்றார்.

வாத்தியார் ஆச்சரியப்பட்டு அவரைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். கத்தி தாடையில் ஒரு கோடு இழுத்துவிட்டது. படிகாரத்தை அழுத்தியும் நெடுநேரம் ரத்தம் நிற்கவில்லை. வாத்தியார் அதன்பிறகு வேறு கடைக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் ஆமாஞ்சாமிக்குத் தன் ஆமா எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தது. மறுத்துப் பேசினால் மனிதன் திரும்புவான். ஒத்துக்கொண்டால் அசையாமல் இருப்பான். தொழில் கற்றுக்கொண்ட நாளிலேயே கை இதைத் தெரிந்துகொண்டு, வாய்க்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. பிறகு கத்தி இல்லாத இடத்திலும் வாய் அதையே செய்துகொண்டிருக்கிறது. விடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அன்று சாயங்காலம் ஆமாஞ்சாமி பேசவே பயந்தார்.

வழக்கு நாளன்று அவர் மனைவியும் கோர்ட்டுக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்தாள். ஓனர் தரப்பு வக்கீல் சுற்றி வளைக்கவில்லை.

"ஓனர் காலி பண்ணச் சொன்னப்ப, நீங்க ஆமான்னு சொன்னீங்களா, இல்லையா?"

ஆமாஞ்சாமி எச்சில் முழுங்கினார். கேள்வி நன்றாகப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"சொன்னேன்."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். ஆமாஞ்சாமி நீதிபதியைப் பார்த்து, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அனுமதி கேட்டுவிட்டுப் பேசினார். கத்தி தாடைக்கு அடியில் இருந்தது, அப்போது முடியாது என்று சொன்னால் ஆள் திரும்புவார், வெட்டிவிடும், அதனால் யார் என்ன சொன்னாலும் ஆமா என்பது தொழில் பழக்கம், அது சம்மதம் ஆகாது. நாக்கு இரண்டு இடத்தில் புரண்டது. ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டார். பிறந்ததிலிருந்து அவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை.

நீதிபதி பொறுமையாகக் கேட்டார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்: "சரி. சவரம் முடிஞ்சது. கத்தியைக் கீழ வச்சீங்க. மூஞ்சியைத் துடைச்சு விட்டீங்க. அவர் எழுந்தார். அப்போ ஏன் முடியாதுன்னு சொல்லல?"

ஆமாஞ்சாமி எச்சில் முழுங்கினார். இன்னொரு தடவை முழுங்கினார். வகுப்பில் இதற்குப் பாடம் இல்லை. கத்தி இல்லாதபோதும் தனக்குப் பயம்தான் என்று எப்படிச் சொல்வது? "சொல்லத் தெரியலைங்க ஐயா," என்றார். அதுதான் நிஜம். அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

நீதிபதிக்கே கொஞ்சம் மனம் இளகியிருக்க வேண்டும். சமாதானமாக முடித்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று இரண்டு தரப்பையும் கேட்டார். ஓனரும் வக்கீலும் காதோடு காதாகப் பேசினார்கள். பிறகு வக்கீல் எழுந்து, மழைக்காலம் முடியும்வரை இருக்கட்டும், அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், நாங்கள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றார். ஓனர் ஆமாஞ்சாமியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணை மூடிக்கொள்வதற்கு முன் பார்க்கிற அதே பார்வை.

"சரிதானே?" என்றார் ஓனர்.

ஆமாஞ்சாமியின் வாயில் அது வந்து நின்றுவிட்டது. பல்லுக்குப் பின்னால் நின்றது. அவர் எச்சிலோடு சேர்த்து அதையும் முழுங்கினார்.

"முடியாதுங்க," என்றார்.

அவ்வளவுதான். விசாரணை தொடரும் என்று வேறு தேதி போட்டார்கள். அடுத்த முறை மருந்துக் கடைக்காரர் சாட்சி சொல்ல வருவார். தோற்றால் இனி மழைக்காலம் வரை என்ற பேச்சே கிடையாது, உடனே வெளியேற வேண்டும். ஆனால் ஆமாஞ்சாமி படியிறங்கும்போது இதையெல்லாம் நினைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். மனைவியிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார்.

வெளிவாசல் வரை அவள் முன்னால் நடந்தாள். பிறகு நின்றாள்.

"உங்க வாயில ஒரு தடவையாவது முடியாதுங்கற வார்த்தை வராதான்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து காத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். "இன்னிக்கா வரணும்?"

"நான் சொன்னது தப்பா?"

"தப்பா சரியான்னு எனக்கு எப்படித் தெரியும்? திரும்பி ஒரு பார்வை பாத்தீங்களா? பின்னாடிதானே உக்காந்திருந்தேன்."

அவர் பார்க்கவில்லை. அவள் அங்கே இருப்பதே அப்போது ஞாபகத்தில் இல்லை. பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்படிக்குப் போனாள், அவர் கடையைத் திறந்தார். மூன்று நான்கு பேர் வந்தார்கள். அன்று அவர் குழாயைத் திறந்தபோது சுவர் தட்டும் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் நின்றும் அவள் சும்மா இருக்கிறாள் என்பது அவரைப் பாடாய்ப் படுத்தியது.

சனிக்கிழமை அவர் சட்டையை மாட்டும்போது அவளும் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். எங்கே என்று கேட்கும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. நூலகப் படியில் அவளே முன்னால் ஏறினாள். மாடியில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவர் தயங்கித் தயங்கிப் பின்னால் லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வக்கீலம்மா புதிய முகத்தைப் பார்த்து விசாரித்தார். "உங்களுக்கு என்ன கேஸ்மா?"

"அதோ உக்காந்திருக்காரே, அவரோட கேஸ்தான்."

"அப்போ பேச வேண்டியது அவர்தான்மா. நீங்க சும்மா கேட்டுட்டு இருக்கலாம்."

"சும்மா கேட்டுட்டுத்தாங்க இருந்தேன், கதவுக்குப் பின்னாடி." அவள் எழுந்து நின்றாள், வகுப்பில் யாரும் நிற்கச் சொல்லாமலே. "அன்னிக்கு ஆமான்னு சொன்னதும் நான் இல்ல. இப்போ முடியாதுன்னு சொன்னதும் நான் இல்ல. ரெண்டுக்கும் என்னை யாரும் கேக்கல. ஆனா வெளிய போன்னு சொன்னா அடுப்பைத் தூக்கிக்கிட்டு முதல்ல தெருவுல நிக்கப் போறது நான்தான். கோர்ட்டுல நான் எங்க நின்னு பேசணும், அதைச் சொல்லிக் குடுங்க."