முத்தல் இலைக்கு விழாத ஓட்டு

நடுவட்டம் பஸ் நிறுத்தத்தில் காய்கறிக் கடைக்காரர்தான் சொன்னார். "ஏனுங்கக்கா, உங்க செல்லமுத்தண்ணன் காலைல போயிட்டாருங்க." வாங்கிய காயைக் கடையிலேயே விட்டுவிட்டு எஸ்டேட் லயத்தில் இருக்கும் அவருடைய வீட்டுக்கு நடந்தேன். இழவு வீட்டில் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு காலத்தில் எஸ்டேட்டே அவர் பின்னால் நின்றது என்று சொன்னால் அங்கிருந்த பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

சிலோனிலிருந்து கப்பலில் வந்து இங்கே தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டியவர் அண்ணன். நான் கொழுந்து பறித்தவள். எங்களுக்காக எஸ்டேட் மேனேஜரான துரையிடம் பேசும் ஆளைப் பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், துரைக்கு முன்னாலேயே கை தூக்கித்தான் தேர்ந்தெடுப்போம். சூப்பர்வைசர் சொல்லும் ஆளுக்கே கை உயரும். ரகசிய ஓட்டு வேண்டும் என்று அண்ணன் வருடக்கணக்காக மனு கொடுத்தார். பொறுமை இழந்த ஆண்கள் ஒருநாள் கவாத்துக் கத்தியோடு ஆபீசுக்குக் கிளம்பினார்கள். குறுக்கே நின்ற அண்ணன், "கத்திய வச்சிட்டு வாங்கப்பா. நாம கேக்கப் போறோம், வெட்டப் போகல," என்றார். வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

ஒருவழியாகத் துரை சம்மதித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதால் இலையையே சீட்டாக்கினார் அண்ணன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒரு சாக்கை மறைப்பாகக் கட்டி, அதற்குப் பின்னால் ஒரு கூடையை வைத்தார். போட்டியிடும் ஒருவருக்குக் கொழுந்து, மற்றவருக்கு முத்தல் இலை; இரண்டையும் கொண்டுபோய் ஒன்றை மட்டும் கூடையில் போட வேண்டும். சூப்பர்வைசரின் ஆளை முதலில் எடுக்கச் சொன்னார். அவன் கொழுந்தை எடுத்துக்கொண்டான்; எதிர்த்து நின்ற அண்ணனுக்கு முத்தல் இலை. மரியாதை பார்த்தே கெட்ட மனிதர் என்று இன்றும் எனக்குக் கோபம் வரும்.

முத்தல் இலை கூடையில் கிடந்தால் நிறுக்கும் இடத்தில் திட்டு விழும். சின்ன வயதிலிருந்து அதைக் கீழே போட்டே பழகிய கைகள் எங்களுடையவை. கூடையைக் கவிழ்த்தபோது முத்தல் இலை ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கை தானாகப் போட்டுவிட்டது, மறுபடி நடத்தச் சொல்லுங்கள் என்று அவரிடமே கெஞ்சினார்கள்.

"எண்ணியாச்சு புள்ள. நமக்குப் புடிக்கலன்னு திரும்ப நடத்துனா அப்புறம் ஓட்டு எதுக்கு? அடுத்த தடவ பாப்போம்."

அடுத்த தடவை வரவேயில்லை. மறு வருடமே கை தூக்கும் வழக்கம் திரும்பியது. கை ஓயும்வரை மனு எழுதினார், ஒன்றுக்கும் பதில் இல்லை. இனி எழுதவும் ஆளில்லை.

இவ்வளவும் கேட்ட உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் ஆள் ஜெயித்தால் என் வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் நிரந்தர வேலை என்றார். என் கை தவறவில்லை. தெரிந்தேதான் கொழுந்தைப் போட்டேன். வேலை கிடைத்தது, பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள். அன்று தலையில் அடித்துக்கொண்டவர்களில் இன்னும் எத்தனை பேர் என்னைப் போல என்று எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கக் கூடாது என்று அந்தச் சாக்கைக் கட்டியவர் அவர். யாரும் பார்க்கவில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ரகசியம்தான்.