அழுத்தாத பொத்தான்

அலுவலக உதவியாளர் ஒரு கோப்பை நீட்டி, "சார் கையெழுத்து கேட்டாரு" என்கிறார். இவர் பேனாவை எடுப்பதில்லை. "அவரே கேட்டாரா, இல்ல அவர் பேரைச் சொல்லி வேற யாராவது குடுத்தாங்களா?" உதவியாளருக்கு இது பழகிப்போய்விட்டது. மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய்க் கேட்டுக்கொண்டு வந்து, "அவரேதாங்க, நேர்லயே கேட்டுட்டேன்" என்கிறார். அதற்குப் பிறகே பேனாவின் மூடி திறக்கிறது.

பெரிய மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவில் எனக்கு அடுத்த மேசை இவருடையது. ஊழியர்கள் விடுப்பு, இடமாற்றம், பணி நேரம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் இணையதளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று துழாவிக்கொண்டே இருப்பது இவர் வேலை. பிரிவில் இவருக்கு வைத்திருக்கும் பெயர் குறுக்கு விசாரணை. அது இவருக்கும் தெரியும். நாற்பத்தாறு வயது. யோசிக்கும்போது நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். தொலைபேசியை எடுத்தால் "சொல்லுங்க, யாரு, என்ன விஷயம்" மூன்றும் ஒரே மூச்சில் வரும். "கையில சாவி வச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரர் மணி அடிச்சா, ஏன் அடிக்கிறாருன்னு யோசிச்சுட்டுதான் கதவைத் திறப்பேன்" என்று சிரிக்காமல் சொல்லுவார்.

போன மாதம் எக்ஸ்ரே பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் ஒரு பெண்மணிக்கு, அவருடைய ராஜினாமா ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அவர் ராஜினாமா செய்யவில்லை. நிர்வாக அதிகாரியோ பதிவேட்டைக் காட்டினார். திங்கட்கிழமை காலை பதினொன்று பன்னிரண்டுக்கு அவருடைய கணக்கிலிருந்து, அவருடைய கணினியிலிருந்தே ராஜினாமாப் படிவம் போயிருந்தது. "நான் எதையும் அழுத்தலை சார்" என்று மட்டும் அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். "ஏதோ கோபத்துல பண்ணிட்டு இப்போ மாத்திப் பேசுறாங்க" என்றார் அதிகாரி. அந்த இடத்துக்கு வேறு ஆளைத் தேடவும் தொடங்கிவிட்டார்கள்.

விஷயம் எங்கள் அறைக்கு வந்தபோது, குறுக்கு விசாரணை அந்த அம்மாவிடம் அழுத்தினீர்களா என்று கேட்கவே இல்லை. தன் நாற்காலியைக் கொடுத்து உட்காரவைத்து, "அந்த நேரத்துல வேற என்ன திறந்து பாத்தீங்க?" என்றார்.

"வீடு மாத்தணும்னு தேடிக்கிட்டிருந்தேன். நம்ம ஊழியர் குழுவுல யாரோ வாடகைக்கு வீடுன்னு ஒரு லிங்க் போட்டிருந்தாங்க. திறந்தேன். நாலு படம் இருந்துச்சு. சமையலறை ரொம்பச் சின்னது. மூடிட்டேன்."

"நம்ம தளத்துல உள்ள நுழைஞ்சது அப்படியே இருந்துச்சா?"

"காலையில நுழைஞ்சா சாயங்காலம்தானே வெளிய வருவோம்."

அந்த வீட்டுப் பக்கத்தின் உள்ளே ஒரு ராஜினாமாப் படிவம் ஒளிந்திருந்தது. திறந்தவுடன் தானாகவே எங்கள் தளத்துக்குப் போய்ச் சேரும்படி எழுதியிருந்தார்கள். உள்ளே நுழைந்தவரின் அடையாளத்தை, இணையப் பக்கங்களைத் திறக்கும் உலாவி தானே சேர்த்து அனுப்பிவிட்டது. எங்கள் தளம் யார் பெயர் என்று பார்த்தது. எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. இன்னும் சிலரும் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தார்கள். அப்போது அவர்கள் தளத்துக்குள் இல்லாததால் தப்பித்தார்கள். வேலையை விட்டு மனக்கசப்போடு போன, ஆனால் ஊழியர் குழுவில் இன்னும் இருந்த ஒருவர் செய்த காரியம் அது. யார் மாட்டினாலும் சரி என்று வீசிய வலை.

அதிகாரி நம்பவில்லை. இவர் அவரைச் சோதனைக்காக வைத்திருக்கும் நகல் தளத்துக்குள் நுழையச் சொன்னார். பிறகு தானே செய்த ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அதில் ஒரு பூனைப் படம் மட்டும் இருந்தது. "பூனை இருக்கு. அதுக்கென்ன?" என்றார் அதிகாரி. "இப்போ ராஜினாமாப் பட்டியலைப் பாருங்க சார்."

அவருடைய பெயர் முதலில் இருந்தது.

"நான் எதையும் அழுத்தலையே" என்றார் அதிகாரி.

"அவங்களும் அதைத்தான் சொன்னாங்க சார்."

அன்று மாலையே எக்ஸ்ரே அம்மாவின் ராஜினாமா ரத்தானது. தளத்திலிருக்கும் ஒவ்வொரு படிவத்துக்குள்ளும் வெளியாள் ஊகிக்க முடியாத ஒரு ரகசிய எண்ணை வைக்கும் வேலை மூன்று நாள் நடந்தது. அந்த எண் இல்லாமல் வரும் படிவத்தைத் தளம் இனி ஏற்காது. முதல் நாளே ராஜினாமாப் படிவத்தின் கணினி நிரலைத் திறந்தவர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். எழுதியவர் பெயர் முதல் வரியில் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன், சோதனை வேலைக்கு மாறுவதற்கு முன்னால், இவரே எழுதிய படிவம் அது.

அறிக்கையில் அதையும் எழுதினார். அதிகாரி அழைத்து, "இந்த வரி தேவையாம்மா? யாரும் கேக்கலையே" என்றார்.

"கேக்காம விட்டதாலதான் சார் இவ்வளவு தூரம் வந்துச்சு." வரி அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் எக்ஸ்ரே அம்மா எங்கள் அறைக்கு வந்தார். வாசலிலேயே கண் கலங்கிவிட்டது. "நீங்க இல்லன்னா என் பொழப்பே போயிருக்கும்" என்று இவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இவர் மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டு, அந்த நிரலைத் திரையில் திறந்தார். திரையை அவர் பக்கம் திருப்பி, தன் பெயர் இருந்த முதல் வரியின் மேல் விரலை வைத்தார்.