சவுண்டு வராத கம்ப்யூட்டர்

இது நிஜமாக நடந்தது. எங்கள் தெருவில் எக்ஸ்பிரஸ் என்று எல்லாரும் கூப்பிடுகிறவரின் வாயாலேயே கேட்டேன். தொழிலுக்காகச் சின்னச் சின்னப் பொய் சொல்லத் தயங்காத ஆள்தான் அவர். ஆனால் தன் மானத்தையே வாங்குகிற ஒரு கதையை எவனாவது இட்டுக்கட்டிச் சொல்வானா?

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எதையும் பறக்கப் பறக்கச் செய்வதால் அந்தப் பெயர். இரண்டு கடை தள்ளிப் புதிதாகத் தையல் கடை போட்டிருந்த அக்கா, ஒரு திங்கட்கிழமை தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். கணவர் இறந்த பிறகு இந்தத் தெருவுக்குக் குடிவந்தவர். அந்தக் கணவரை இங்கே யாரும் பார்த்ததில்லை.

“பாதியிலேயே நின்னுடுது தம்பி. சரி பண்ணிக் குடுங்க. ஆனா எங்க வீட்டுக்காரர் பதிஞ்சு வச்ச ரெக்கார்டிங் எல்லாம் உள்ள இருக்கு. அது மட்டும் பத்திரம்.”

“கவலைய விடுங்கக்கா. முதல்ல அதைத்தான் காப்பி எடுப்பேன்.”

எடுக்கவில்லை.

மறுநாள் மதியம், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசியபடியே டிஸ்க்கை முழுக்க அழித்தார். புதிதாக ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டார். பாதி ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் இரண்டை ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டார்.

“ஹார்டு டிஸ்க் முன்னாடியே செத்துப்போயிருந்துச்சுக்கா. என்னால ஒண்ணும் பண்ண முடியல.”

மறுமுனையில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

“சரி தம்பி...”

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மணி 3.10. எல்லாம் முடிந்தது, சவுண்டு மட்டும் வரவில்லை. திரையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. சிஸ்டம் மாற்றினால் சவுண்டை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேர் போவது வழக்கம்தான். மதர்போர்டு நம்பரைப் பார்த்துச் சரியான டிரைவரை இறக்கிப் போட்டார். ரீஸ்டார்ட். அதே சிவப்பு. பழைய டிரைவரைப் போட்டார். ரீஸ்டார்ட். ஒலிச் சாதனமே இல்லை என்றது.

3.42. ஸ்பீக்கரில் ஒரு மூச்சு.

மனித மூச்சு.

ஸ்பீக்கர் ஒயர் லூஸோ என்று கம்ப்யூட்டரின் பின்பக்கம் கைவிட்டுப் பார்த்தார். ஒயர் மேஜை மேல் கிடந்தது. இன்னும் மாட்டவே இல்லை...

3.44. “கு...”

ஆண் குரல். வார்த்தையை வெளியே தள்ளத் தெரியாத மாதிரி.

வெளியே பட்டப்பகல். பஸ் ஹாரன். எதிர்க்கடையில் யாரோ சிரிக்கிறார்கள்.

3.47. “கு... ரு... வி...”

மெயின் சுவிட்சை அணைத்தார். திரை கறுத்தது.

“குருவி.”

இந்த முறை திக்கவில்லை.

கடையைப் போட்டது போட்டபடி ஓடினார். அக்காவின் தையல் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார்.

“பொய் சொல்லிட்டேன்க்கா. டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு. காப்பி எடுக்க மறந்து நான்தான் அழிச்சேன். உங்க வீட்டுக்காரர் குரலை நான்தான்...”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “அவர் குரலா?”

“இப்பக்கூடக் கேட்டேன்க்கா. ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கு போல. ‘குருவி’ன்னு கூப்பிட்டுச்சு.”

அக்காவின் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவித் தரையில் விழுந்தது.

“அதுல இருந்ததெல்லாம் நான் பாடின பாட்டு தம்பி. அவருக்குப் பிடிக்கும்னு பதிஞ்சு வச்சிருந்தாரு. குருவிங்கிறது... எனக்கு அவர் வச்ச பேரு. வேற யாருக்கும் தெரியாது. சீட்டுல எழுதித்தான் காட்டுவாரு.”

“எழுதியா? ஏங்க்கா?”

“பொறந்ததுல இருந்தே அவருக்குப் பேச்சு வராது தம்பி.”