நிறமில்லாத பொட்டுகள்

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

சுருவிலில் நான் கலியாணச் சமையல்காரன். ஒரு கலியாணச் சாப்பாட்டுக்குப் பிறகு பலருக்கு வயிற்றோட்டம் வந்தது. எனக்கு ஒன்றும் இல்லாததால், சுகாதாரப் பகுதியினர் என்னையும் சோதித்து, என் மலத்தில் கிருமி என்றபோது நான் நம்பவில்லை. ஆய்வுகூடத்துப் பெண் கதவைச் சாத்திவிட்டு, கிருமி வளர்த்த தட்டைக் காட்டினார். அதில் றோஸ் நிறத்திலும் நிறமில்லாமலும் சின்னச் சின்னப் பொட்டுகள்.

“றோஸ் பொட்டுகள் எல்லாற்றை குடலிலயும் இருக்கிறது, அண்ணை. நிறமில்லாததுகளைத் திருப்பியும் சோதிச்சனாங்கள். அதுதான் நோய்க்கிருமி. உங்களை ஒண்டும் செய்யாமல் உங்கட கையால மற்றவைக்குப் போகுது.”

“இனிச் சமைக்க ஏலாதோ?”

“மருந்து குடியுங்கோ. இதுகள் போனால் நானே சாப்பிட வருவன்.”

கிருமி போய்விட்டது. ஆனாலும் ஒருவரும் என்னைச் சமையலுக்குக் கூப்பிடவில்லை. அலுத்துப்போய் இருந்தேன். நேற்று, பௌர்ணமிப் போயா விடுமுறைக்குச் சாட்டிக் கடற்கரைக்கு வந்த ஆய்வுகூடத்துப் பெண், மகளோடு என் வீட்டுக்கும் வந்தார். நான் சமைத்ததை மகளுக்கு ஊட்டிவிட்டுத் தன் சோற்றுக் கோப்பையை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் போடுங்கோ, அண்ணை.”

மாசிப் போயாவுக்கு மறுநாள் எழுதியது.