பேர் வர வேண்டிய இடம்

மீஞ்சூரில் ரயில் ஏறி என் எதிரில் உட்கார்ந்தது அந்தப் பெண். ஒல்லியான உருவம், மடியில் லேப்டாப். ஒவ்வொரு தடவை பட்டனைத் தட்டுமுன்னும் கண்ணை மூடிக்கொள்ளும்.

"இன்னாம்மா வேலை?" என்றேன்.

"ஜாவாஸ்கிரிப்ட் டெம்ப்ளேட்ணா. மீன் கடைக்கு வெப் பக்கம் ஒண்ணுதான். இறால், மடவைனு பேரு குடுத்தா அதது எடத்துல உக்காந்துக்கும். இத்த காட்டித்தான் இன்னிக்கு வேலை கேக்கப் போறேன்."

"நம்ம அர்ச்சனை மாதிரி! மந்திரம் ஒண்ணு, பேரு நட்சத்திரம்தான் மாறும்."

"அதேதாண்ணா!" என்று சிரித்தது. "பேரு வரலன்னா எடம் காலியா நிக்கும். எனக்காக வேண்டிக்கோங்க."

சாயங்காலம் எங்கள் குப்பத்து அம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"யாரு பேருக்கு?" என்றார் பூசாரி.

அந்தப் பெண்ணின் பேரை நான் கேட்டே வைக்கவில்லை.

பேர் வர வேண்டிய இடத்தில் சற்று நிறுத்தி, மந்திரத்தை மேலே சொன்னார். வேலை கிடைத்ததோ என்னவோ. இன்றும் அந்தப் பெண்ணுக்காகக் கும்பிடும்போது அந்த இடத்தில் என் வாய் நின்றுவிடுகிறது.