பிரேக் அக்காவின் மாடி வீடு

வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களைக் காரில் ஏற்றி, "எங்க, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு" என்று சொல்கிற ஓனரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. ஏனென்றால் அவர் வீட்டு மாடியை விட்டு நான் கிளம்புவதாக இல்லை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'பிரேக் அக்கா வீடு' என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால் கட்டடம், கரும்பலகை எல்லாம் கிடையாது. ஒரு வெள்ளைக் கார், கூரைமேல் ஒரு போர்டு, அக்கா. அவ்வளவுதான்.

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேதியியல். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. என் அப்பா டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார். படித்து முடித்ததும் பெரிய நகரத்தில் ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. பூசிய பெயின்ட் வெயிலில் வெளுக்கிறதா, நகத்தால் சுரண்டினால் உரிகிறதா என்று பார்க்கிற வேலை. கம்பெனி நண்பர்களோடு ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தேன். யார் துண்டு யார் முதுகைத் துடைத்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

குறை வந்தது தங்கைக்கு இடம் கிடைத்தபோது. எக்ஸ்ரே எடுக்கிற படிப்பு. அந்தக் கல்லூரியில் பெண்களுக்கு விடுதி இல்லை. அப்பாவுக்கு முதலில் படிப்பே பிடிபடவில்லை.

"போட்டோ எடுக்குறதுக்கா அவ்ளோ தூரம் போகணும்?"

"உள்ள இருக்குற எலும்ப எடுக்குற போட்டோப்பா" என்றாள் தங்கை.

அவர் யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நீ வீடு எடுத்துத் தங்கு. நான் வந்து கண்ணால பாக்குறேன். மனசுக்குப் பட்டா பாப்பாவ விட்டுட்டு வரேன். இல்லன்னா அவ இங்கயே இருக்கட்டும். எலும்பு எங்கயும் ஓடிறாது."

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் நான் படித்த அதே பெஞ்சில் உட்கார்ந்து என்னைவிட அதிக மார்க் எடுத்தவள். கல்லூரி திறப்பதற்குள் நான் ஒரு வீடு பிடிக்கவில்லையென்றால் அவள் படிப்பு அவ்வளவுதான்.

நகரத்துக்குள் வீடு நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ரயில் போகிற திசையில் கொஞ்சம் வெளியே தள்ளித் தேடினேன். அமைதியான தெருக்கள், வேப்பமர நிழல், மதிய நேரத்தில் பிரஷர் குக்கர் விசில் மட்டும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒவ்வொரு கேட்டாகத் தட்டினேன். போன இடமெல்லாம் முதல் வாக்கியமாக, "நான் கிராஜுவேட் சார்" என்பேன்.

"டிகிரிய வச்சு நாங்க என்ன தம்பி பண்றது? கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல சார். நானும் தங்கச்சியும்."

இந்த இடத்தில் எல்லா ஓனர்களின் முகத்திலும் ஒரே சிரிப்பு வரும். ஒருவர் வாய்விட்டே சொன்னார்: "எல்லாரும் தங்கச்சின்னுதான் தம்பி சொல்றாங்க." இன்னொரு வீட்டு அம்மாள் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக, "வீடு விட்டாச்சு" என்றார். 'வாடகைக்கு' என்ற போர்டு கேட்டில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. தங்கையை ஒரு பொய்யாக மாற்றிவிட்டார்களே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்படி அலைந்த ஒரு மாலையில்தான் அந்தத் தெருவின் கடைசிக்குப் போனேன். வெள்ளைக் காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே தலையை விட்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ.

"மேடம், மாடி வாடகைக்குன்னு..."

"வண்டி ஓட்டத் தெரியுமா?"

"டிராக்டர் ஓட்டுவேன் மேடம். லைசென்ஸ் இருக்கு."

"மேடம் வேணாம், அக்கான்னு கூப்பிடு. ஏறு, டிரைவர் சீட்ல."

நான் கிராஜுவேட் என்று சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. கற்றுக்கொடுக்கிற வண்டிகளில் அப்படித்தான் இருக்குமாம். கிளட்ச்சை மெதுவாக விட்டேன். வண்டி அலுங்காமல் நகர்ந்தது. தெரு முனை தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம்தான் என் உடம்பு தன் புத்தியைக் காட்டியது.

வயலில் உழும்போது முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் பார்ப்பதுதான் அதிகம். கலப்பை சால் விட்டு விலகுகிறதா, மண் ஒழுங்காகப் புரள்கிறதா என்று இடுப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். நான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முழுசாகத் திரும்பி, பின்சீட் கண்ணாடி வழியாகத் தார் ரோட்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வண்டி சடக்கென்று நின்றது. எதிரே, ஒரு முழ தூரத்தில், யாரோ வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்.

"பின்னாடி என்னய்யா தேடுற?"

"கலப்பைக்கா" என்றேன். உண்மை தானாக வந்துவிட்டது.

அக்கா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு பின்சீட்டைப் பார்த்தார். பிறகு டாஷ்போர்டில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "ரோட்ட உழுதுட்டியா? சரி, விதைச்சிட்டுப் போலாமா?"

வீடு போயிற்று என்று நினைத்தேன். திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும், "யார் யார் இருப்பீங்க?" என்றார். தங்கை, படிப்பு, அப்பாவின் நிபந்தனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மற்ற ஓனர்களின் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"எக்ஸ்ரேயா? நல்ல படிப்பு. சாவி இந்தா. மோட்டார் சுவிட்ச் படிக்கட்டுக்குக் கீழ இருக்கு; போட்டா அணைக்க மறந்துறாத."

எனக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று பல நாள் கழித்துக் கேட்டேன். "வண்டி ஓட்டுறப்ப எவனாலயும் நடிக்க முடியாதுப்பா. வாயால ஆயிரம் சொல்லலாம். இதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு, பேச்சு அப்படியே தேன். ஸ்டியரிங்க புடிச்சாரு, ரோட்ல போற வர்ற அத்தன பேரையும் திட்டுனாரு. நீ சுவத்துல மோதப்போற நேரத்துலயும் யாரையும் திட்டல."

அக்காவைப் பற்றி நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். அவருடைய அப்பா லாரிகள் வைத்திருந்தவர். பாகம் பிரித்தபோது தம்பிகள் லாரிகளை எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காத ஒரு பழைய கார் அக்காவுக்கு வந்தது. அதை வைத்து என்ன செய்வாள் என்று சிரித்தார்களாம். ஆண்களிடம் கற்றுக்கொள்ளத் தயங்கிய பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நர்ஸ், வங்கி குமாஸ்தா, கணவனை இழந்து அவர் விட்டுப்போன வண்டியோடு தவித்தவர். அந்தப் பழைய கார்தான் இந்த வீட்டைக் கட்டியது. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "அந்தப் பரிட்சைக்கு நான் அப்ளிகேஷனே போடல" என்பார். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் வண்டி வேகமாக வந்தால் அவர் வலது கால் தரையை அழுத்தும். அதைத் தெரிந்தவர்கள் வைத்ததுதான் அந்தப் பட்டப்பெயர்.

அப்பா தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்த நாளன்று நான் ரயிலடிக்குப் போவதற்குள் அவர்கள் ஆட்டோ பிடித்துத் தெருவுக்கே வந்துவிட்டார்கள். கேட்டருகே அப்பா நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆபீசருக்குத் தெருவில் புதிய முகம் தெரிந்தால் இருப்புக் கொள்ளாது. தங்கை ஆட்டோவிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். அவளை அவர் கவனிக்கவில்லை.

"வீடு பாக்க வந்தீங்களா? இங்க வேணாங்க. மாடியில ஒரு பேச்சுலர் பையன் இருக்கான். தங்கச்சி வரப்போகுதுன்னு சொல்லிட்டுத் திரியுறான். எந்தத் தங்கச்சியோ!"

அப்பா தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாராம்: "அந்தத் தங்கச்சியப் பெத்தவன் நான்தாங்க."

ஆபீசர் உள்ளே போய், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். தங்கை இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. மாடிக்கு வந்தார். குழாயைத் திறந்து பார்த்தார், தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். பிறகு திண்டு மாதிரி மடித்து வைத்திருந்த என் படுக்கைமேல் உட்கார்ந்தார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா வந்து இறங்குனதுமே இந்தப் பேச்சு. நீ காலைல போனா பொழுது சாஞ்சுதான் வருவ. ஓனரம்மாவும் வீட்ல தங்குற ஆள் இல்ல. ஒரு பேச்சு வந்தா பாப்பா யார்கிட்ட போயி நிப்பா? சாயந்திரம் ரயில்ல நாங்க ரெண்டு பேரும் கிளம்புறோம்."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

கீழே ஹார்ன் அடித்தது. அக்காவிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர், "எனக்கு இப்ப கிளாஸ் இருக்கே. அண்ணனையும் பாப்பாவையும் வரச் சொல்லு. வண்டியிலயே பேசிக்குவோம்" என்றார். அப்பா மறுப்பதற்குள் பின்கதவைத் திறந்து பிடித்தார். நாங்கள் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். டிரைவர் சீட்டில் கற்றுக்கொள்ள வந்த ஒரு பள்ளி ஆசிரியை. குறுக்கே யார் வந்தாலும் "சாரி, சாரி" என்று கண்ணாடிக்குள்ளிருந்தே மன்னிப்புக் கேட்கிறவர்.

அக்கா எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. முழுக்கவனமும் ரோட்டில்தான். மார்க்கெட் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வர, ஆசிரியை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்பா "அய்யோ" என்றார். ஆனால் வண்டி அதற்கு முன்பே நின்றிருந்தது. சைக்கிள்காரர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார்.

"கண்ண மூடிக்கிட்டா சைக்கிள் காணாமப் போயிருமா டீச்சர்?" அக்காவின் குரல் உயரவே இல்லை.

"எனக்கு வேணாங்க. என்னால முடியாது. நான் இங்கயே இறங்கிக்கிறேன்." ஆசிரியைக்குக் கண்ணீர் வழிந்தது.

"தாராளமா இறங்குங்க. ஆனா இங்க இல்ல. நீங்களே ஓட்டிட்டுப் போயி, உங்க வீட்டு வாசல்ல இறங்குங்க. சாவியத் திருப்புங்க."

"திரும்பவும் யாராவது வந்தா?"

"வருவாங்க. ரோடுன்னா வரத்தான் செய்வாங்க. நீங்க ஓட்டுங்க."

ஆசிரியை மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினார். வண்டி திணறியது, இரண்டு முறை நின்றது, பிறகு போனது. அப்பா முன்சீட்டுகளின் இடைவெளி வழியாகக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஆசிரியை ஒழுங்காக ஓட்டிய நேரம் முழுவதும் அக்காவின் கால் பிரேக்குக்கு மேலேயே இருந்தது. ஒரு தடவைகூட அதை அழுத்தவில்லை; ஒரு தடவைகூட அதை விட்டு எடுக்கவும் இல்லை.

ஆசிரியை தன் வாசலில் இறங்கிக்கொண்டதும் அக்கா திரும்பினார். "சொல்லுங்கண்ணே. என்ன யோசனை?"

"பொண்ணு தனியா இருக்கும். எதிர்வீட்டுக்காரரே வாய்க்கு வந்தத பேசுறாரு."

"அவர விடுங்க. நாளைக்குத் தண்ணி மோட்டார் ரிப்பேர்னா மொதல்ல என்கிட்டதான் வந்து நிப்பாரு. ஆனா ஒண்ணு. ராவும் பகலும் பாப்பாவுக்குக் காவல் இருப்பேன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். அவளே போவா, அவளே வருவா. ஏதாவது குறுக்க வந்தா கீழ வீட்ல நான் இருக்கேன். அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

அப்பா ஆசிரியை இறங்கிப்போன வாசலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த டீச்சரம்மா கத்துக்குமா?"

"ம், கத்துக்கும். அழுதுக்கிட்டே கத்துக்கும்."

அப்பா தங்கையைப் பார்த்தார். அவள் கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. "அப்ப இதுவும் படிச்சிரும்" என்றார்.

தங்கை என் விரல்களைப் பிடித்து நெரித்தாள். வலித்தது. சொல்லவில்லை.

இன்று தங்கை மருத்துவமனையில் பயிற்சிக்குப் போகிறாள். கதிர் படாமலிருக்கப் போடுகிற ஈய உடுப்பு தோளை அழுத்துகிறது என்று வந்து அக்காவிடம்தான் முறையிடுகிறாள், என்னிடம் இல்லை. படிக்க அனுமதி கிடைத்தது அப்பாவால், படிக்க இடம் கிடைத்தது அவள் மார்க்கால். ஆனால் தலைக்கு மேலே ஒரு கூரை, அதன் கீழே அவள் யார் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டாத ஒரு வாழ்க்கை, அது அக்காவால். இதை அக்காவிடம் சொன்னால், "டயலாக் பேசாத, மோட்டார அணைச்சியா?" என்பார்.

அப்பா வந்த அந்த நாள் சாயங்காலம் அவரை ரயிலடியில் கொண்டுபோய் விட்டது அக்காதான். அவரை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து காரை நிறுத்தியவர், இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"உங்கப்பா வழி முழுக்க எனக்கு ரூட் சொல்லிக் குடுத்துட்டே வந்தாருப்பா. இந்தப் பக்கம் காலைலதான் வந்து இறங்குனவரு! 'இப்ப லெஃப்ட்ல போம்மா, பாத்துப் போம்மா'ன்னு..."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அவர் சொன்ன லெஃப்ட்லயே போனேன். கொஞ்சம் சுத்துதான். ஆனா ரயிலப் புடிச்சிட்டாரு."