ரிசல்ட் அக்கா வாயை மூடிய வாரம்

புல்தரையில் குப்புறப் படுத்து, வலது கையைத் தோள்வரை வால்வுக் குழிக்குள் விட்டுத் துழாவியபடியே, “ஞாயித்துக்கிழமை மேட்சுல பேங்க் டீம் தோக்கும். ரெண்டுக்கு ஒண்ணு,” என்கிறார் ரிசல்ட் அக்கா. பக்கத்தில் நிற்கும் வாட்ச்மேன் கேட்டதென்னவோ, ஸ்பிரிங்க்ளர் ஏன் சுற்றவில்லை என்றுதான். கேள்வி ஒன்றானாலும் விடை இரண்டாகத் தருவது அக்காவின் வழக்கம்.

அலுவலக வளாகம், ஆஸ்பத்திரி, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எங்கே பச்சைப் புல் இருக்கிறதோ, அங்கே மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் தொழில். வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஒரு சுற்று நடப்பார். கால் புதைந்தால் கசிவு. புல் குத்தினால் அங்கே தண்ணீர் எட்டவில்லை. நாசில் அடைத்திருந்தால் “மூக்கடைப்பு”. தண்ணீர் வேகமில்லாமல் வந்தால் “இவன் சரியாச் சாப்பிடல”. மூட மறுத்து ஒழுகிக்கொண்டே இருக்கும் வால்வுக்கு “வாயாடி” என்று பெயர். அதை அவர் வாயால் கேட்கும்போது தெரிந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வார்கள்.

கால்பந்துக்கும் அவர் தொழில் வழியாகத்தான் வந்து சேர்ந்தார். ஊர் மைதானத்துப் புல்லும் அவர் பொறுப்பு. எந்த மூலை சொதசொதக்கும், எந்தப் பக்கம் பந்து துள்ளும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆட்டத்துக்கு முன் வீரர்கள் ஓடிப் பழகும்போது கால்களை மட்டும் கவனிப்பார். “மூஞ்சில நடிக்கலாம். முழங்கால்ல நடிக்க முடியுமா?” சொன்னது பாதிக்கு மேல் பலிக்கும். பலிக்காவிட்டாலும் அவர் அசரமாட்டார்: “நான் சரியாத்தான் சொன்னேன். அவனுங்க தப்பா ஆடிட்டானுங்க.”

வினை வீட்டுக்காரர் வழியாக வந்தது. அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃப்ரி. “கண்ணாடி போட்டுட்டு வாய்யா” என்று கூட்டம் கத்தினால், கோபப்படாமல் கடைக்கு வழி சொல்வார். ஒரு லீக் ஆட்டத்தன்று அக்கா மைதான வாசலில் நின்று, ஒரே ஒரு கோல்தான் விழும், அதுவும் பெனால்டியில் என்று சொல்லிவைத்தார். அப்படியே விழுந்தது. விசில் ஊதியவர் வீட்டுக்காரர். தோற்றது பேக்கரி டீம். அதன் மேனேஜரான பேக்கரி முதலாளி நேரே கால்பந்துச் சங்கத்துக்குப் போய், புருஷனும் பொண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையிலேயே ரிசல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள் என்று புகார் கொடுத்துவிட்டார்.

சங்கத்தார் சிரித்து ஒதுக்கினார்கள். வீட்டுக்காரரால் அது முடியவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தவர், “குருடன்னு சொல்லட்டும், கேட்டுக்கறேன். திருடன்னு சொன்னா தாங்கல,” என்றார்.

அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். ஃபைனல் முடியும்வரை ரிசல்ட் சொல்ல வாயைத் திறப்பதில்லை என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஃபைனலில் மோதுவது அதே பேக்கரி டீமும் கூரியர் டீமும். விசிலும் அதே வீட்டுக்காரர்தான். அந்த வாரம் யார் ஃபைனல் பேச்சை எடுத்தாலும் “ஃபில்டரைக் கழுவுனீங்களா?” என்று திருப்பிக் கேட்டார். ஊரிலுள்ள ஃபில்டர் எல்லாம் பளபளத்தது.

ஃபைனலன்று காலையில் மைதானக் காவலரிடமிருந்து போன் வந்தது. டைமரை அணைத்தும், மின்சாரத்தையே நிறுத்தியும் ஸ்பிரிங்க்ளர் நிற்கவில்லையாம். அக்கா போய்ச் சேர்ந்தபோது ஒரு பக்கத்துக் கோல் வாசல் குளமாகியிருந்தது. கரையில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பேக்கரிக்காரர் நின்றார். ஆட்டம் தள்ளிப்போனால் அவருடைய கோல்கீப்பர் அதற்குள் வேலை மாறி வெளியூர் போய்விடுவான். அக்காவின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சம்.

“கரண்ட் இல்லாமலும் ஓடுதுன்னா, வால்வு எதையோ கடிச்சுக்கிட்டிருக்கான்,” என்று அக்கா துருவேறிய மெயின் குழாயை ரெஞ்சால் முறுக்கி மூடினார். வால்வைக் கழற்றினால், உள்ளே ரப்பருக்கு அடியில் ஒரு கல் சில்லு. மூடிய குழாய்க்குள் கல் எப்படி வந்தது? அக்கம்பக்கம் தோண்டிப் பார்த்தார். பேக்கரி விளம்பரப் பலகைக்கு முந்தின நாள் அடித்த கம்பம் குழாயின் இணைப்பைப் பிளந்துகொண்டு இறங்கியிருந்தது. அக்கா பார்த்தார். பேக்கரிக்காரரும் பார்த்தார். புகார் கொடுக்க இப்போது அக்காவின் முறை.

“இதக் கொஞ்சம் தள்ளி நடுங்க தம்பி,” என்றதோடு சரி. இணைப்பை மாற்றினார், குழாயை அலசிவிட்டார், மண் கிளறும் முட்கரண்டியால் புல்லைக் குத்திக் குத்தித் தண்ணீரை இறக்கினார். மணல் மூட்டைகளைப் பேக்கரிக்காரரே தோளில் சுமந்து வந்து கொட்டினார். சற்றுத் தாமதமானாலும் ஆட்டம் நடந்தது.

முடியும் தறுவாயில் பேக்கரி டீம் ஒரு கோல் முன்னால் இருந்தது. அப்போது அவர்களுடைய ஆள் ஒருவன் கையில் பந்து பட்டது. வீட்டுக்காரர் தயங்கவில்லை, கூரியருக்குப் பெனால்டி. மைதானம் பந்தை விட்டுவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தது.

பேக்கரிக்காரர் மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தார். “நான் அன்னிக்குப் பேசினது தப்புக்கா. அவர்கிட்டயும் சொல்லிடறேன். இப்ப என் காதுல மட்டும் சொல்லுங்க, கோல் போகுமா?”

அக்கா அடிக்கப் போகிறவனின் கால்களைப் பார்த்தார். விடை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சட்டென்று, வீரர்களுக்காக வைத்திருந்த தட்டிலிருந்து ஆரஞ்சுச் சுளைகளை அள்ளி வாய் கொள்ளாமல் திணித்துக்கொண்டார்.

கோல்கீப்பர் பாய்ந்து பந்தை வெளியே தட்டினான். கொஞ்ச நேரத்தில் கடைசி விசிலும் ஊதியாயிற்று. பேக்கரிக்காரர் கோப்பையைக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய், எல்லோர் முன்னிலையிலும் ரெஃப்ரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். வீட்டுக்காரர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மனைவியிடம் வந்து, சத்தியம் என்னாச்சு என்ற கேள்வியைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மருந்தை விழுங்கிவிட்டேன் என்று காட்டும் குழந்தையைப் போல அக்கா ஆவென்று வாயைத் திறந்து காட்டினார். இரண்டு கன்னத்திலும் சுளைகள் மெல்லப்படாமல் முழுசாக இருந்தன.